எஃகு ஆலைக் கசடுகளின்வழி கார்பன் டைஆக்சைடைக் கைப்பற்றுதல்: வேதியியல் அடிப்படைகளும் நடைமுறை வரம்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

எஃகு உற்பத்தியின்போது பெருமளவில் வெளியேறும் கசடுகள் கால்சியம், மெக்னீசியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளையும் சிலிகேட்டுகளையும் மிகுதியாகக் கொண்டவை. இவை கார்பன் டைஆக்சைடுடன் வினைபுரிந்து நிலையான கார்பனேட்டுகளாக மாறும் இயல்புடையன. இவ்வியல்பைப் பயன்படுத்தி, எஃகு ஆலை வெளியிடும் வாயுவை அதே ஆலையின் கழிவைக் கொண்டே பிணைத்து வைக்கலாம் என்னும் கருத்து கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராயப்பட்டு வருகிறது. இக்கட்டுரை அவ்வினையின் வேதியியல் அடிப்படைகளையும், வினையைத் தடுக்கும் காரணிகளையும், உலக நாடுகளில் உருவான தொழில்நுட்ப வழிகளையும் விளக்குகிறது. மேலும், எளிய நிறைக் கணக்கீடுகளின் வாயிலாக இம்முறையின் உண்மையான பயனளவை மதிப்பிட்டு, எவ்வகைக் கசடுக்கு இம்முறை பொருந்தும், எவ்வகைக்குப் பொருந்தாது என்பதை வரையறுக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: எஃகுக் கசடு, ஊதுலைக் கசடு, கனிமக் கார்பனேற்றம், கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு, கிளிங்கர், காலநிலை மாற்றம்.

1. முன்னுரை

இன்றைய உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 190 கோடி டன் கச்சா எஃகு உற்பத்தி செய்யப்படுகிறது. பாலம், தொடர்வண்டிப் பாதை, கட்டடம், ஊர்தி என நவீன வாழ்வின் எலும்புக்கூடாக எஃகு விளங்குகிறது. ஆனால் இவ்வுற்பத்தி பெரும் சூழலியல் விலையைக் கோருகிறது. ஆற்றல் பயன்பாட்டால் உலகில் வெளியாகும் கார்பன் டைஆக்சைடில் ஏறத்தாழ 7 விழுக்காட்டிற்கு இரும்பு எஃகுத் துறையே காரணம் என்று பன்னாட்டு ஆற்றல் முகமை 2020ஆம் ஆண்டு மதிப்பிட்டது. ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு உருவாக்கும்போது 2 டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டைஆக்சைடு வளிமண்டலத்தில் கலக்கிறது. இரும்புத் தாதுவிலுள்ள ஆக்சிஜனை நீக்குவதற்குக் கல்கரியையே இம்முறை சார்ந்திருப்பதால், ஆற்றல் சிக்கனத்தால் மட்டும் இவ்வெளியேற்றத்தைத் தவிர்க்க இயலாது.

2018ஆம் ஆண்டு முதல் எஃகு உற்பத்தியில் இந்தியா உலகில் இரண்டாம் இடம் வகிக்கிறது. 2023-24ஆம் நிதியாண்டில் இந்தியாவின் கச்சா எஃகு உற்பத்தி 14.4 கோடி டன்னைக் கடந்தது. 2017ஆம் ஆண்டின் தேசிய எஃகுக் கொள்கை, 2030-31ஆம் ஆண்டிற்குள் 30 கோடி டன் உற்பத்தித் திறனை எட்டுவதை இலக்காகக் கொண்டுள்ளது. எனவே, எஃகு ஆலையின் வாயுக் கழிவும் திடக் கழிவும் இனிவரும் ஆண்டுகளில் பெருகவே செய்யும். இவ்விரு கழிவுகளுள் ஒன்றைக் கொண்டு மற்றொன்றைக் கட்டுப்படுத்த இயலுமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

இக்கட்டுரையில் ‘கசடு’ என்னும் சொல், உலோகம் உருகும்போது அதன்மீது மிதந்து, பின் தனியே வடிக்கப்பட்டு இறுகும் கனிமப் பொருளைக் குறிக்கிறது. ஆலைகளில் இது ‘ஸ்லாக்’ என்றே வழங்கப்படுகிறது. ‘கார்பனேற்றம்’ என்பது ஒரு பொருள் கார்பன் டைஆக்சைடுடன் இணைந்து கார்பனேட்டாக மாறும் வினையைச் சுட்டுகிறது.

2. கசடு உருவாகும் முறையும் அதன் வகைகளும்

இரும்புத் தாதுவில் சிலிக்கா, அலுமினா முதலிய வேண்டாப் பொருள்கள் கலந்திருக்கும். இவற்றைப் பிரித்தெடுப்பதற்காகச் சுண்ணாம்புக்கல்லும் டோலமைட்டும் இளக்கியாகச் சேர்க்கப்படுகின்றன. உலையின் வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் சிதைந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. அது சிலிக்காவுடன் இணைந்து உருகிய கசடாக மாறி, இரும்பைவிட அடர்த்தி குறைந்ததாகையால் அதன்மீது மிதக்கிறது.

கசடுகளை அவை பிறக்கும் உலையைக் கொண்டு மூவகைப்படுத்தலாம். முதலாவது, ஊதுலைக் கசடு. ஒரு டன் வார்ப்பிரும்பிற்குப் பொதுவாக 300 கிலோ அளவிலும், அலுமினா மிகுந்த இந்தியத் தாதுக்களைப் பயன்படுத்தும்போது அதற்கு மேலும் இது வெளிப்படுகிறது. இதில் கால்சியம் ஆக்சைடு ஏறத்தாழ 35 விழுக்காடு இருக்கும். இரண்டாவது, ஆக்சிஜன் மாற்றுலைக் கசடு. ஊதுலையிலிருந்து வரும் உருகிய இரும்பிலுள்ள கார்பன், பாஸ்பரஸ் முதலியவற்றை ஆக்சிஜன் செலுத்தி நீக்கும்போது உருவாவது இது. ஒரு டன் எஃகிற்கு ஏறத்தாழ 150 முதல் 200 கிலோ வரை கிடைக்கிறது. இதில் கால்சியம் ஆக்சைடு 40 முதல் 50 விழுக்காடு வரையிலும் இரும்பு ஆக்சைடுகள் கணிசமான அளவிலும் இருக்கும். மூன்றாவது, மின்வில் உலைக் கசடு. பழைய இரும்பையோ கடற்பஞ்சு இரும்பையோ மின்சாரத்தால் உருக்கும்போது இது உண்டாகிறது. துருவேறா எஃகு செய்யும் ஆலைகளின் கசடும் இவ்வழியிலேயே பிறக்கிறது.

இம்மூவகையுள் ஊதுலைக் கசடுக்கும் மற்ற இரண்டிற்கும் இடையே ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. உருகிய ஊதுலைக் கசடை நீரைப் பீய்ச்சி விரைந்து குளிர்வித்தால் அது கண்ணாடித் தன்மையுடைய மணலாக இறுகுகிறது. இதனை நுண்ணிதாக அரைத்துச் சிமெண்டில் கலந்தால் அது சிமெண்டைப் போலவே இறுகும் ஆற்றல் பெறுகிறது. ஆகவே ஊதுலைக் கசடிற்குச் சந்தையில் விலை உண்டு. எஃகுக் கசடிற்கோ அத்தகைய பயன்பாடு குறைவு. அதில் வினைபுரியாது எஞ்சியுள்ள தனிச் சுண்ணாம்பு, ஈரம் பட்டதும் நீற்றுச் சுண்ணாம்பாக மாறி, ஏறத்தாழ இருமடங்கு பருமன் கொள்கிறது. இதனைச் சாலையிலோ கான்கிரீட்டிலோ அப்படியே இட்டால் சில மாதங்களில் வீக்கமும் வெடிப்பும் ஏற்படும். இக்காரணத்தால் எஃகுக் கசடு பல ஆலைகளில் திறந்தவெளியில் குவிக்கப்பட்டு மழையிலும் வெயிலிலும் பல மாதங்கள் ‘பழுக்க’ விடப்படுகிறது.

3. கார்பனேற்றத்தின் வேதியியல்

சுண்ணாம்பு காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஈர்த்து இறுகும் என்பது தமிழ்நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் வழிவழியாக அறிந்து பயன்படுத்திய உண்மை. பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்து ஆண்டுகள் செல்லச் செல்ல உறுதி பெறுவது இதனாலேயே. சூளையில் சுண்ணாம்புக்கல் இழந்த வாயுவை, சுவரில் பூசப்பட்ட சாந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெறுகிறது. கசடுக் கார்பனேற்றமும் இதே வினைதான். ஆனால் கசடில் பெரும்பகுதிச் சுண்ணாம்பு தனித்து இராமல் சிலிக்காவுடனும் இரும்பு ஆக்சைடுடனும் பிணைந்திருப்பதால், அதனை வினைப்படுத்துவது சற்றுக் கடினம்.

முதன்மையான வினைகளைப் பின்வருமாறு சொல்லலாம். தனிச் சுண்ணாம்பின் ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடின் ஒரு மூலக்கூறுடன் இணைந்து ஒரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டைத் தருகிறது. டைகால்சியம் சிலிகேட்டின் ஒரு மூலக்கூறோ கார்பன் டைஆக்சைடின் இரு மூலக்கூறுகளுடன் இணைந்து, இரு மூலக்கூறு கால்சியம் கார்பனேட்டையும் ஒரு மூலக்கூறு சிலிக்காவையும் தருகிறது. இவை வெப்பம் உமிழும் வினைகள். தனிச் சுண்ணாம்பின் கார்பனேற்றத்தில் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 178 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. வெப்ப இயக்கவியல் நோக்கில், இவ்வினை புற ஆற்றலின் உந்துதல் இன்றியே நிகழக்கூடியது. உருவாகும் கால்சியம் கார்பனேட், வளிமண்டல அழுத்தத்தில் ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கப்பட்டாலன்றி விரைந்து சிதையாது. எனவே, நிலத்தடியில் வாயுவாகச் சேமிப்பதைப் போலக் கசிவைப் பற்றிய அச்சமோ நீண்டகாலக் கண்காணிப்போ இதற்குத் தேவையில்லை.

வினை நீரின் துணையுடனேயே விரைவாக நிகழ்கிறது. முதலில் கார்பன் டைஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகி, பைகார்பனேட், கார்பனேட் அயனிகளைத் தருகிறது. அடுத்து, கசடுத் துகளின் பரப்பிலிருந்து கால்சியம் அயனிகள் நீரில் கரைகின்றன. இறுதியாக இவ்விரு அயனிகளும் இணைந்து கால்சியம் கார்பனேட்டாக வீழ்படிகின்றன. இம்மூன்று படிகளுக்குள்ளும் ஒரு முரண் பொதிந்திருக்கிறது. கால்சியம் நன்கு கரைவதற்கு நீரின் பி.எச். மதிப்பு தாழ்ந்திருக்க வேண்டும். கார்பனேட் வீழ்படிவதற்கு அது உயர்ந்திருக்க வேண்டும். அதேபோல் வெப்பநிலையை உயர்த்தினால் கால்சியம் விரைந்து கரையும். ஆனால் கார்பன் டைஆக்சைடின் கரைதிறன் குறைந்துவிடும். இம்முரண்களுக்கு இடையே உகந்த ஒரு நிலையைத் தேடுவதே இத்துறை ஆய்வுகளின் மையப் பணியாக இருந்து வருகிறது.

4. ஆய்வு வளர்ச்சி

சிலிகேட் கனிமங்களைக் கொண்டு கார்பன் டைஆக்சைடைப் பிணைக்கலாம் என்னும் கருத்தை வால்டர் சைஃபிரிட்ஸ் 1990ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு குறிப்பாக முன்வைத்தார். 1995ஆம் ஆண்டில் கிளாஸ் லாக்னரும் உடன் ஆய்வாளர்களும் அக்கருத்தை விரிவான வேதியியல், ஆற்றல் கணக்கீடுகளுடன் வளர்த்தெடுத்தனர். தொடக்கத்தில் ஆலிவின், செர்ப்பன்டைன் போன்ற இயற்கைப் பாறைகளே கருத்தில் கொள்ளப்பட்டன. அவற்றைத் தோண்டி எடுத்து, அரைத்து, ஆலைக்குக் கொண்டு வருவதற்குப் பெரும் செலவாகும் என்பது தெளிவானபோது, ஏற்கெனவே ஆலை வளாகத்திலேயே குவிந்துகிடக்கும் காரத்தன்மை மிக்க கழிவுகளின்பால் கவனம் திரும்பியது.

நெதர்லாந்தில் ஹௌகன் முதலியோர் 2005ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. எஃகுக் கசடை 38 மைக்ரோமீட்டருக்கும் குறைவான துகள்களாக அரைத்து, நீரில் கலந்து, 100 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலும் 19 பார் கார்பன் டைஆக்சைடு அழுத்தத்திலும் வைத்தபோது, 30 நிமிடங்களில் கசடிலுள்ள கால்சியத்தில் 74 விழுக்காடு கார்பனேட்டாக மாறியதை அவர்கள் கண்டனர். வினையின் வேகத்தைத் தீர்மானிப்பது துகளின் உட்பகுதியிலிருந்து கால்சியம் வெளியேறும் படியே என்பதும், துகளின் அளவே மிக முக்கியமான காரணி என்பதும் அவ்வாய்வின் முதன்மை முடிவுகள்.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியது. துகளின் வெளிப்பரப்பில் கால்சியம் கரைந்து வெளியேறியதும், அங்கே சிலிக்கா மிகுந்த ஓர் உறை எஞ்சுகிறது. அதன்மேல் கால்சியம் கார்பனேட் படிகிறது. இவ்விரு அடுக்குகளும் சேர்ந்து உள்ளிருக்கும் வினைபுரியாப் பகுதியை மூடிவிடுகின்றன. வினையின் விளைபொருளே வினையை நிறுத்தும் தடையாகிறது. பெரிய துகளில் மேற்பரப்பு மட்டும் மாறி, உட்பகுதி மாறாமலே நின்றுவிடும்.

இயற்கையிடம் விட்டுவிட்டால் இவ்வினை எவ்வளவு மெதுவாக நிகழும் என்பதற்கு இங்கிலாந்தின் கான்செட் நகரம் சான்றாகிறது. அங்கிருந்த எஃகு ஆலை 1980ஆம் ஆண்டு மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட ஊதுலைக் கசடுக் குவியலில் துளையிட்டு மாதிரி எடுத்து ஆராய்ந்த புல்லின் முதலியோர், 2019ஆம் ஆண்டு தம் முடிவுகளை வெளியிட்டனர். கசடில் கால்சியம் சராசரியாக 30 விழுக்காட்டிற்கும் மிகுதியாக இருந்தும், கார்பன் சராசரியாக 0.4 விழுக்காடே இருந்தது. குவியலின் மொத்தப் பிணைப்புத் திறனில் ஏறத்தாழ 3 விழுக்காடு மட்டுமே பயன்பட்டிருந்தது. குவியலுக்குள் நீரும் காற்றும் போதிய அளவு ஊடுருவாமையும், கசடின் கனிம அமைப்பும், துகள்களின் பருமையும் இதற்குக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. கசடைக் குவித்து வைத்தாலே அது வளிமண்டலத்தைத் தூய்மை செய்துவிடும் என்னும் எண்ணம் ஏற்கத்தக்கதன்று என்பதை இவ்வாய்வு நிறுவுகிறது.

5. தொழில்நுட்ப வழிகள்

இத்துறையில் இன்றுவரை உருவான முறைகளை மூன்றாகப் பகுக்கலாம்.

5.1 நேரடி நீர்ம முறை

அரைத்த கசடை நீரில் கலந்து, அக்கலவையில் வாயுவை நேரடியாகச் செலுத்துவது இம்முறை. வினை விரைவானது, மாற்ற அளவும் மிகுதி. ஆனால் அரைத்தல், சூடாக்குதல், அழுத்தம் ஏற்றுதல், இறுதியில் நீரைப் பிரித்தெடுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் ஆற்றலைக் கோருகின்றன. விளைபொருளாகக் கிடைப்பதும் கார்பனேட், சிலிக்கா, இரும்பு ஆக்சைடு ஆகியவை கலந்த தூளே. அதற்கு விலை குறைவு.

5.2 மறைமுக முறை

கால்சியத்தை முதலில் தனியே கரைத்தெடுத்து, பின்னர் வேறொரு கலனில் கார்பனேற்றம் செய்வது இம்முறை. இதனால், மேலே சுட்டிய பி.எச். முரண் தீர்கிறது. பின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அம்மோனியம் உப்புக் கரைசலைக் கொண்டு எஃகுக் கசடிலிருந்து கால்சியத்தைப் பிரித்து, அதில் கார்பன் டைஆக்சைடைச் செலுத்தித் தூய வீழ்படி கால்சியம் கார்பனேட்டைப் பெறும் முறையை உருவாக்கினர். இப்பொருள் தாள், வண்ணப்பூச்சு, நெகிழி ஆகிய தொழில்களில் நிரப்பியாகப் பயன்படுவதால் நல்ல விலை பெறக்கூடியது. அம்மோனியம் உப்பு மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்படுகிறது. எனினும் அம்மோனியா ஆவியாகி இழக்கப்படுவதைத் தடுப்பதும், எஞ்சிய கசடைக் கழுவித் தூய்மை செய்வதும் இம்முறையின் சிக்கல்கள்.

5.3 மெல்லீரப் பதப்படுத்தல் முறை

கசடைச் சிறிதளவு நீருடன் பிசைந்து, கட்டியாக அழுத்தி, கார்பன் டைஆக்சைடு நிரம்பிய அறையில் வைத்துப் பதப்படுத்துவது இம்முறை. துகள்களின்மேல் மெல்லிய நீர்ப்படலம் மட்டுமே இருப்பதால் வாயு எளிதில் ஊடுருவுகிறது. உருவாகும் கால்சியம் கார்பனேட் துகள்களை ஒன்றோடொன்று பிணைத்துக் கட்டியை உறுதிப்படுத்துகிறது. மறைமுக முறையில் விளைபொருளாகப் பிரிக்கப்படும் கார்பனேட், இங்கே பிணைப்புப் பொருளாகவே பயன்படுகிறது. கனடாவின் மான்ட்ரியல் நகரைச் சேர்ந்த கார்பிகிரீட் நிறுவனம் இவ்வழியில் சிமெண்ட் இல்லாக் கான்கிரீட் கட்டிகளை உருவாக்குகிறது. பெல்ஜியத்தில் உருவான கார்ப்ஸ்டோன் முறை துருவேறா எஃகுக் கசடைக் கட்டுமானப் பொருளாக்குகிறது. ஜப்பானில் என்.கே.கே. நிறுவனம் இத்தகைய பெருங்கட்டிகளைக் கடலடியில் இட்டுக் கடற்பாசி வளர்வதற்கான தளமாகப் பயன்படுத்தியது.

துருவேறா எஃகுக் கசடு இம்முறைக்குச் சிறப்பாகப் பொருந்துவதற்கு ஒரு கனிமவியல் காரணம் உண்டு. அதிலுள்ள டைகால்சியம் சிலிகேட் குளிரும்போது பீட்டா வடிவிலிருந்து காமா வடிவிற்கு மாறி, ஏறத்தாழ 12 விழுக்காடு பருமன் கொள்கிறது. இதனால் கசடு தானாகவே பொடிந்து தூளாகிறது. ஆலைக்கு இத்தூள் பெருந்தொல்லை; கார்பனேற்றத்திற்கோ அரைக்கும் செலவைக் குறைக்கும் நன்மை. காமா வடிவம் நீருடன் பெரும்பாலும் வினைபுரியாது. ஆகவே சிமெண்டாகப் பயன்படாது. ஆனால் கார்பன் டைஆக்சைடுடன் அது விரைந்து வினைபுரிகிறது. துருவேறா எஃகு தயாரிக்கும் சேலம் உருக்காலை போன்ற இடங்களின் கசடுகளை இந்நோக்கில் ஆராய்வது பயனளிக்கும்.

6. நிறைக் கணக்கீடும் அதன் பொருளும்

இம்முறையின் பயனளவை மிகைப்படுத்தாமல் அறிந்துகொள்ள ஓர் எளிய கணக்கீடு உதவும். கால்சியம் ஆக்சைடின் மூலக்கூறு நிறை 56. கார்பன் டைஆக்சைடின் மூலக்கூறு நிறை 44. ஆகவே 1 கிலோ கால்சியம் ஆக்சைடு முழுமையாக வினைபுரிந்தால் 0.786 கிலோ கார்பன் டைஆக்சைடைப் பிணைக்கும். 45 விழுக்காடு கால்சியம் ஆக்சைடு கொண்ட 1 டன் எஃகுக் கசடு, கோட்பாட்டளவில் ஏறத்தாழ 350 கிலோ கார்பன் டைஆக்சைடைப் பிணைக்கவல்லது.

இதனை எஃகின் கணக்கில் பார்ப்போம். ஒரு டன் எஃகிற்கு 150 கிலோ எஃகுக் கசடு எனக் கொண்டால், அது பிணைக்கக்கூடிய உச்ச அளவு ஏறத்தாழ 53 கிலோ. அதே டன் எஃகிற்காக உருவாகும் ஊதுலைக் கசடை 350 கிலோ எனவும், அதில் கால்சியம் ஆக்சைடு 35 விழுக்காடு எனவும் கொண்டால், அதன் உச்ச அளவு ஏறத்தாழ 96 கிலோ. இரண்டும் சேர்ந்து 149 கிலோ. ஒரு டன் எஃகின் வெளியேற்றம் 2.2 டன் எனில், இது அதில் 7 விழுக்காட்டிற்கும் குறைவு. எஃகுக் கசடை மட்டும் கருதினால் 2.4 விழுக்காடு. அதிலும் பாதி மட்டுமே நடைமுறையில் வினைபுரியும் எனில் 1.2 விழுக்காடு. எஃகு ஆலையின் வெளியேற்றச் சிக்கலைக் கசடு தீர்த்துவிடும் என்னும் எதிர்பார்ப்பிற்கு இக்கணக்கில் இடமில்லை.

இதனினும் நுட்பமான ஒரு கருத்தையும் இங்குச் சுட்டவேண்டும். கசடிலுள்ள கால்சியம் ஆக்சைடு எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லிலிருந்து. ஒரு டன் கசடிலுள்ள 450 கிலோ கால்சியம் ஆக்சைடைப் பெறுவதற்கு ஏறத்தாழ 800 கிலோ சுண்ணாம்புக்கல் சுடப்பட்டு, அதிலிருந்து 350 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறியிருக்கிறது. சுடுவதற்கான எரிபொருளின் வெளியேற்றம் தனி. ஆகவே கசடு தன் கால்சியத்தின் வழியே முழுமையாகக் கார்பனேற்றம் அடைந்தாலும், அது இளக்கி இழந்த வாயுவைத் திரும்பப் பெறுவதாகவே அமையும். பட்ட கடனைத் திருப்பிச் செலுத்துவது நல்லதே. ஆனால் அதனை வருவாயாகக் கணக்கெழுத இயலாது. ஆலிவின், பசால்ட் முதலிய இயற்கைச் சிலிகேட்டுகளின் கார்பனேற்றம் இதனின்று வேறுபட்டது. அவற்றிலுள்ள மெக்னீசியமும் கால்சியமும் தொழிற்சாலையில் கார்பனேட்டைச் சிதைத்துப் பெறப்பட்டவையல்ல. இவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்து, கசடுக் கார்பனேற்றத்தை வளிமண்டலத்திலிருந்து கார்பனை நீக்கும் வழி என்று பொதுப்பட விளம்புவது கருத்துக் குழப்பத்திற்கே இட்டுச்செல்லும்.

ஆற்றல் செலவையும் கழித்தாக வேண்டும். எடுத்துக்காட்டாக, ஒரு டன் கசடை அரைத்து வினைப்படுத்த மொத்தம் 100 அலகு மின்சாரம் தேவைப்படுகிறது எனவும், கசடு 175 கிலோ வாயுவைப் பிணைக்கிறது எனவும் கொள்வோம். இந்திய மின்தொகுப்பில் ஓர் அலகு மின்சாரத்திற்கு ஏறத்தாழ 0.7 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியாகிறது. எனவே 70 கிலோ கழிந்து, நிகரப் பயன் 105 கிலோவாகச் சுருங்கும். நிலக்கரி மின்சாரத்தைக் கொண்டு மிக நுண்ணிதாக அரைப்பது தன் நோக்கத்தையே வீணாக்கிவிடலாம். ஆய்வுகள் மாற்ற விழுக்காட்டை மட்டும் அறிவிக்காமல் இந்நிகர அளவையும் அறிவிக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

7. எக்கசடிற்கு எப்பயன்?

மேற்கண்ட கணக்கீடு ஒரு முக்கியமான தேர்வை முன்வைக்கிறது. ஊதுலைக் கசடைக் கார்பனேற்றம் செய்தால், ஒரு டன் எஃகிற்கு உச்சமாக 96 கிலோ கார்பன் டைஆக்சைடு பிணைக்கப்படும். அதே 350 கிலோ கசடை அரைத்துச் சிமெண்டில் கிளிங்கருக்கு மாற்றாகக் கலந்தால் என்ன நிகழும்? ஒரு டன் கிளிங்கர் உற்பத்தியில் 0.8 டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டைஆக்சைடு வெளியேறுகிறது. ஆகவே 350 கிலோ கிளிங்கரைத் தவிர்ப்பது ஏறத்தாழ 280 கிலோ வெளியேற்றத்தைத் தவிர்ப்பதாகும். அரைப்பதற்கான மின்னாற்றலைக் கழித்தாலும் இது கார்பனேற்றத்தின் உச்ச அளவைவிட இருமடங்கிற்கு மேல். எனவே விரைந்து குளிர்வித்த ஊதுலைக் கசடைக் கார்பனேற்றத்திற்குப் பயன்படுத்துவது, நல்ல நெல்லை விதைக்காமல் தீவனமாக்குவதற்கு ஒப்பாகும்.

எஃகுக் கசடின் நிலை வேறு. சிமெண்டில் அதற்கு இடம் குறைவு. தனிச் சுண்ணாம்பால் அது வீங்குகிறது. திறந்தவெளியில் கிடந்து இடத்தை அடைக்கிறது. அதனூடே வடியும் மழைநீர் 12க்கு அண்மையான பி.எச். மதிப்புடன் நிலத்தையும் நீர்நிலையையும் கெடுக்கிறது. கார்பனேற்றம் இக்குறைகளைத் தணிக்கிறது. தனிச் சுண்ணாம்பு கார்பனேட்டாக மாறுவதால் பின்னர் வீக்கம் ஏற்படாது. வடிநீரின் காரத்தன்மை குறைகிறது. பல மாதப் பழுக்கும் காலம் சில மணி நேரமாகச் சுருங்குகிறது. ஆற்று மணல், கருங்கல் சல்லி ஆகியவற்றிற்கு மாற்றான ஒரு பொருள் கிடைக்கிறது. குஜராத்தின் சூரத்தை அடுத்த ஹசீராவில் பதப்படுத்திய எஃகுக் கசடைக் கொண்டு அமைக்கப்பட்ட சாலை 2022ஆம் ஆண்டு பயன்பாட்டிற்கு வந்தது. மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொழில்நுட்ப வழிகாட்டலில் உருவான அச்சாலை, இக்கழிவு கட்டுமானத்திற்கு ஏற்றதாகும் என்பதைக் காட்டுகிறது. இத்தகைய பயன்பாட்டிற்கு முன் கார்பனேற்றம் ஒரு பதப்படுத்தும் படியாக அமையுமானால், பொருளும் செப்பமாகும், வாயுவும் பிணைக்கப்படும்.

பொருளியல் நோக்கிலும் ஒரு நன்மை உண்டு. அமீன் கரைசலைக் கொண்டு வாயுவைப் பிரித்தெடுக்கும் வழக்கமான முறையில், கரைசலை மீண்டும் சூடாக்குவதற்கே பெரும் ஆற்றல் செலவாகிறது. ஜாம்ஷெட்பூரில் டாடா ஸ்டீல் நிறுவனம் 2021ஆம் ஆண்டு நாளொன்றுக்கு 5 டன் கார்பன் டைஆக்சைடைப் பிரித்தெடுக்கும் அமைப்பை ஊதுலை வாயுவில் நிறுவியது. அவ்வாறு பிரித்த வாயுவை எங்கே வைப்பது என்பது அடுத்த வினாவாகிறது. கசடுக் கார்பனேற்றத்தில் ஆலைப் புகைபோக்கியின் வாயுவைத் தூய்மிக்காமலே பயன்படுத்தலாம். பிரித்தலும் சேமித்தலும் ஒரே படியில் நிகழ்கின்றன. வாயுவும் கசடும் ஒரே வளாகத்தில் கிடைப்பதால் போக்குவரத்துச் செலவும் இல்லை.

8. எச்சரிக்கைக்குரிய கூறுகள்

கசடில் குரோமியம், வனேடியம் முதலிய உலோகங்கள் சிறிதளவு கலந்துள்ளன. கார்பனேற்றத்தால் பி.எச். குறையும்போது கால்சியம், பேரியம், ஈயம் போன்றவற்றின் கரைதல் பொதுவாகக் குறைகிறது. ஆனால் ஆக்சிஜனுடன் இணைந்து எதிர்மின் அயனிகளாக இருக்கும் வனேடியம், குரோமியம் ஆகியவை இதே போக்கைப் பின்பற்றும் என்று கொள்ள இயலாது. அவற்றைப் பிடித்து வைத்திருந்த சிலிகேட் அமைப்பே கார்பனேற்றத்தால் சிதைவதால், சில சூழல்களில் அவற்றின் கரைதல் கூடவும் வாய்ப்புண்டு. ஆகவே ஒவ்வோர் ஆலையின் கசடையும் கார்பனேற்றத்திற்கு முன்னும் பின்னும் வடிநீர்ச் சோதனைக்கு உட்படுத்திய பின்னரே நிலத்திலோ நீரிலோ இடவேண்டும்.

எஃகுத் துறையின் எதிர்காலமும் கருதத்தக்கது. ஹைட்ரஜனைக் கொண்டு இரும்பை ஒடுக்கும் முறையும், பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கும் முறையும் பரவும்போது ஊதுலைகள் குறையும். அவற்றின் கசடும் குறையும். ஆனால் மின்வில் உலையும் சுண்ணாம்பை வேண்டுவதால் எஃகுக் கசடு தொடர்ந்து பிறக்கும். எனவே எஃகுக் கசடை மையமாகக் கொண்ட ஆய்வு, துறையின் மாற்றத்திற்குப் பின்னும் பயன்தரும் எனலாம்.

9. முடிவுரை

இக்கட்டுரையின்வழி பெறப்படும் கருத்துகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

அ. எஃகு ஆலைக் கசடின் கார்பனேற்றம் வெப்ப இயக்கவியல் நோக்கில் எளிதாயினும், துகளின்மேல் உருவாகும் உறையால் விரைவில் தடைபடுகிறது. குவியலாக விட்டுவைத்தால் பயன் மிகக் குறைவு என்பதைக் கான்செட் ஆய்வு காட்டுகிறது.

ஆ. முழுமையாக வினைபுரிந்தாலும் ஊதுலை வழி எஃகின் வெளியேற்றத்தில் 7 விழுக்காட்டிற்கும் குறைவான பகுதியையே கசடுகளின் கால்சியம் பிணைக்கவல்லது. அதுவும் பெரும்பாலும் இளக்கியாக இடப்பட்ட சுண்ணாம்புக்கல் இழந்த வாயுவிற்கு ஈடாவதேயாகும்.

இ. ஊதுலைக் கசடைச் சிமெண்டிற்கும், எஃகுக் கசடைக் கார்பனேற்றத்திற்கும் ஒதுக்குவதே கூடுதல் பயன் தரும் பகுப்பாகும்.

ஈ. பிணைக்கப்படும் வாயுவைக் காட்டிலும், கார்பனேற்றத்தால் பெறப்படும் கட்டுமானப் பொருள் தவிர்க்கும் சிமெண்ட், மணல், சல்லி ஆகியவற்றின் பயனே பெரிதாக அமையலாம். ஆகவே இம்முறையைக் கழிவு மேலாண்மையோடும் கட்டுமானப் பொருளியலோடும் இணைத்து மதிப்பிடுதல் வேண்டும்.

10 மில்லியன் டன், அதாவது 1 கோடி டன், எஃகை மாற்றுலையில் உருவாக்கும் ஆலைத் தொகுதி ஒன்று ஆண்டிற்கு 15 லட்சம் டன் எஃகுக் கசடை வெளியிடும். அதன் கால்சியத்தில் பாதி வினைபுரிந்தாலும் 2.6 லட்சம் டன் கார்பன் டைஆக்சைடு கல்லாக மாறும். மொத்த வெளியேற்றத்தோடு ஒப்பிடும்போது இது சிறிதாயினும், இன்று எப்பயனுமின்றிக் குவிந்துகிடக்கும் பொருளிலிருந்து பெறக்கூடியது என்பதால் புறக்கணிக்கத்தக்கதன்று. எஃகு ஆலைகள் ஊதுலையிலிருந்து விடுபடும் நெடும்பணிக்கு இது மாற்றாகாது. அப்பணியோடு உடன் செல்லும் துணையாக அமையும். இந்தியக் கசடுகளின் கனிம அமைப்பு, வடிநீர் இயல்பு, நிகரப் பிணைப்பளவு ஆகியவற்றை ஆலைதோறும் அளந்து பதிவு செய்வதே இத்துறையில் இனி மேற்கொள்ளப்பட வேண்டிய முதற்பணியாகும்.